சஃபாரியில் நரியைப் படம் பிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் நரிப் படங்களைப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். நான் அதிகம் எடுத்தது மத்தியப் பிரதேசத்துக் கன்ஹா புலிக்காப்பகத்தில். அதனால் உதாரணமெல்லாம் அங்கேயே சுற்றும்.

புலி பார்க்கத்தானே அவ்வளவு காசு கொடுத்துப் போகிறோம்? நரியை எதற்கு எடுக்க வேண்டும்?

புலி வந்தால் நானும் புலியைத்தான் எடுப்பேன். ஆனால் புலி வந்தால் என்ன நடக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். இருபது ஜிப்சி, அதாவது திறந்த சஃபாரி ஜீப், ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும், முன்வண்டிக்காரரின் தொப்பி உங்கள் படத்தில் பாதியை மறைக்கும், புலி முதுகைக் காட்டியபடி சாலையைக் கடந்து போய்விடும். நரிக்கு அந்தக் கூட்டம் கிடையாது. விடிந்த முதல் அரைமணி நேரத்தில், வெளிச்சம் இன்னும் மஞ்சளாக இருக்கும்போது, மொத்தப் புல்வெளியிலும் உங்கள் வண்டி ஒன்றுதான் அதன் எதிரில் நிற்கும். அது எலி பிடிக்கும், ஜோடியோடு கொஞ்சும், மானிடம் உதை வாங்கும், இலந்தைப் பழம் பொறுக்கித் தின்னும். புலி பெரும்பாலும் தூங்கும், இல்லையென்றால் நடக்கும். விலங்கு எதையாவது செய்துகொண்டிருக்கிற படம் வேண்டும் என்றால் நரியை விட்டால் ஆள் கிடையாது.

நரியா, குள்ளநரியா, ஓநாயா? எனக்கு எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது.

தமிழில் இந்தப் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும், அதனால் குழப்பம் நியாயமானதுதான். இங்கே நான் நரி என்பது கானிஸ் ஆரியஸ் என்ற அறிவியல் பெயர் கொண்ட பொன்னிற நரி. நம் கதைகளில் வருகிற நரி, இரவில் ஊளையிடுகிற நரி, எல்லாம் இதுதான். எட்டிலிருந்து பதினோரு கிலோ வரை இருக்கும், தெருநாயைவிடக் கொஞ்சம் ஒல்லி, வால் குட்டை.

அதைவிடச் சிறியது, பூனையைவிடக் கொஞ்சம் பெரியது, பெரிய காதும் நீண்ட புசுபுசு வாலும் கருப்பு வால்நுனியும் இருந்தால் அது குழிநரி. சிலர் இதைத்தான் குள்ளநரி என்பார்கள். சேலம் வாழப்பாடிப் பக்கம் பொங்கல் சமயத்தில் வலை போட்டுப் பிடித்து ஓடவிடும் ‘வங்கா நரி’யும் இதுவே. அந்தப் பழக்கத்தை வனத்துறை அபராதம் போட்டுத் தடுக்கிறது, சரியான வேலை. செங்கல் நிறத்தில், அடர்ந்த கருப்பு வாலோடு, கூட்டமாக வந்தால் செந்நாய். கால் நீளமாக, தலை பெரிதாக, உயரமாக இருந்தால் ஓநாய். கன்ஹாவின் உட்பகுதியில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

இன்னொன்று, ஆப்பிரிக்காவுக்குப் போய்வந்தவர்கள் அங்கே எடுத்ததையும் பொன்னிற நரி என்று போடுகிறார்கள். 2015இல் மரபணு ஆய்வு செய்து, அங்கே இருப்பது தனி இனம், ஓநாய்க்கு நெருக்கமானது என்று பிரித்துவிட்டார்கள். முதுகில் கருப்புப் போர்வை போர்த்தியது போல இருப்பதும் வேறு இனம், அது இந்தியாவில் இல்லவே இல்லை.

ஏன் கன்ஹா? எப்போது போகலாம்?

புல்வெளிகளுக்காக. நரி எல்லாக் காட்டிலும் இருக்கிறது, ஆனால் புதருக்குள் இருக்கும் நரி படத்துக்கு உதவாது. கன்ஹாவில் கண்ணுக்கு எட்டும் தூரம் வரை திறந்த புல்வெளி, ஓரத்தில் குங்கிலிய மரங்கள், நடுவில் பாராசிங்கா மான்கள். இந்தப் புல்வெளிகளில் பல, ஒரு காலத்தில் பைகா, கோண்டு பழங்குடி மக்களின் ஊரும் வயலுமாக இருந்தவை. அவர்களை வெளியேற்றிய பிறகு புல் வளர்ந்த நிலம். அழகை ரசிக்கும்போது அதுவும் நினைவில் இருக்கட்டும். 1970இல் வெறும் 66ஆகக் குறைந்திருந்த பாராசிங்கா மான்கள் மீண்டு வந்ததும் இந்தப் புல்லை நம்பித்தான்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை உட்பகுதி மூடியிருக்கும், அக்டோபர் முதல் தேதி திறக்கும். அக்டோபரில் எல்லாம் பச்சை, புல் உயரம், நரியின் காது மட்டும்தான் தெரியும். நான் சொல்வது டிசம்பர், ஜனவரி. புல் காய்ந்து பொன்னிறமாகியிருக்கும், விடியலில் பனிமூட்டம் நிற்கும், நரியின் ரோமமும் குளிருக்காக அடர்ந்து பார்க்கவே செழிப்பாக இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் புலி நன்றாகக் கிடைக்கும், நரியோ ரோமம் உதிர்ந்து சொறிபிடித்தது மாதிரி இருக்கும்.

சென்னையிலிருந்து போகிறவர்கள் நாக்பூரில் இறங்கிக் காரில் போகலாம், ஐந்தாறு மணி நேரம் ஆகும். ஜபல்பூர் இன்னும் பக்கம், ஆனால் ரயில் வசதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை மாலை சஃபாரி கிடையாது. இதைக் கவனிக்காமல் புதன் மதியம் போய்ச் சேர்ந்து விடுதியில் கொட்டாவி விட்டவர்களில் நானும் ஒருவன்.

தமிழ்நாட்டிலேயே எடுக்க முடியாதா?

முடியும். கோடியக்கரைதான் என் முதல் பதில். வேதாரண்யத்துக்குத் தெற்கே, வெளிமான்களுக்காக 1967இல் அறிவித்த சரணாலயம், பிறகு 2002இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. கடலோரப் புல்வெளியில் வெளிமானும் நரியும் ஒரே படத்தில் கிடைக்கிற இடம் நம் ஊரில் வேறு எங்கே இருக்கிறது? அங்கே காட்டுக்குதிரைகள், அதாவது யாரோ எப்போதோ விட்டுப் போய்த் தானாகப் பெருகிய மட்டக்குதிரைகளும் மேயும். நரியைப் பரியாக்கிய கதையைச் சின்ன வயதில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நரியும் பரியும் ஒரே சட்டகத்தில் நிற்கிற படத்துக்காக நான் மூன்று முறை போயிருக்கிறேன். இன்னும் கிடைக்கவில்லை. ஒருமுறை நரி வந்தபோது குதிரை திரும்பி நின்று வாலை மட்டும் காட்டியது.

2018 நவம்பரில் அடித்த கஜா புயல் அந்தக் காட்டை நன்றாகப் புரட்டிப் போட்டுவிட்டது, ஏராளமான மரங்கள் சாய்ந்தன. போகுமுன் அனுமதி, நேரம் எல்லாவற்றையும் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு போங்கள். முதுமலையிலும் நரி உண்டு. ஆனால் உண்ணிச்செடிப் புதருக்குள் ஓடுகிற பிருஷ்டத்தைத்தான் பெரும்பாலும் எடுப்பீர்கள்.

டிரைவர் நரிக்கு வண்டியை நிறுத்தவே மாட்டேன் என்கிறாரே?

இதுதான் உண்மையான சிக்கல், கேமரா எல்லாம் அப்புறம். டிரைவரையும் வழிகாட்டியையும் குறை சொல்லிப் பயனில்லை. புலி காட்டவில்லை என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஆட்களோடு தினமும் போகிறவர்கள் அவர்கள். “அரே சார், சியார் ஹை” என்று சொல்லிவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார்கள். சியார் என்றால் நரி.

கிளம்பும் முன்பே, வாசலில் சீட்டு சரிபார்க்கும் நேரத்திலேயே சொல்லிவிடுங்கள். உடைந்த இந்தி போதும்: “பையா, சியார் திகே தோ காடி ரோக்னா. இஞ்சன் பந்த் கர்னா.” நரி தெரிந்தால் வண்டியை நிறுத்துங்கள், இஞ்சினை அணையுங்கள், அவ்வளவுதான். முதலில் சிரிப்பார்கள். இரண்டாவது நாள் அவர்களே “சார், ஆப்கா சியார்” என்று காட்டுவார்கள். பெயரே உங்களுக்கு அப்படி ஆகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு பேர் சேர்ந்து போகிற ஜிப்சி என்றால் மற்ற ஐந்து பேரையும் சமாளிக்க வேண்டும். முழு வண்டியையும் நண்பர்களாக எடுத்துக்கொள்வது நல்லது. முடியாவிட்டால் ஒரு வாதம் இருக்கிறது, நான் பயன்படுத்தியிருக்கிறேன்: புலி அடித்துப் போட்ட இரையின் பக்கம் நரி சுற்றும், புலியைக் கண்டால் வழக்கமான ஊளையை விட்டுவிட்டு வேறு மாதிரி ஒற்றைக் குரலில் கத்தும் என்று பழைய வேட்டைக்காரர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். “நரி எங்கே பார்க்கிறது என்று பார்ப்போமே” என்றால் புலி ஆசைக்காரர்களும் இரண்டு நிமிடம் தருவார்கள்.

வண்டி நின்றதுமே ஓடிவிடுகிறது. என்ன செய்வது?

ஓடவிடுங்கள். பின்னால் துரத்தாதீர்கள்.

நரிக்கு ஒரு பழக்கம். கிளம்பினால் ஒரே ஓட்டமாக ஓடாது, முப்பது நாற்பது அடி போனதும் நின்று ஒருமுறை திரும்பிப் பார்க்கும். அந்த ஒன்றிரண்டு விநாடிதான் உங்கள் படம். புதிதாக வருகிறவர்கள் ஓடுகிற முதுகையே பத்துப் படம் எடுத்து, அது திரும்பும் நேரத்தில் கேமராவைக் கீழே இறக்கித் திரையில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கண்ணை எடுக்காமல் அது போகும் வழியிலேயே லென்ஸை வைத்திருங்கள்.

அப்படியும் போய்விட்டது என்றால் இஞ்சினை அணைத்துவிட்டு உட்காருங்கள். அது போகிற திசையில் இந்தச் சாலையே மறுபடி வளைந்து வருமா என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். நரி ஒரே ரோந்து வழியில் போகும், சாலையையே நடைபாதையாகவும் வைத்துக்கொள்ளும். முன்னாலேயே போய் நூறு மீட்டர் தள்ளிக் காத்திருந்தால் அதுவாகவே உங்களை நோக்கி ஓட்டநடையில் வரும். போகிற நரி, வருகிற நரி, இரண்டு படத்துக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

என்ன லென்ஸ் வேண்டும்?

100-400 மில்லிமீட்டர் ஜூம் போதும். 150-600 இருந்தால் சந்தோஷம். வாடகைக்கும் கிடைக்கிறது, ஒரு பயணத்துக்காக லட்ச ரூபாய் போட வேண்டாம். ஜிப்சியில் ட்ரைபாட் வைக்க இடமில்லை, ஒரு துணிப்பையைக் காலியாக எடுத்துப் போய் அங்கே கடையில் இரண்டு கிலோ அரிசியோ பருப்போ வாங்கி நிரப்பிக் கட்டி, கம்பியின்மேல் போட்டு லென்ஸை அதில் சாய்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குக் கிளம்பும்போது அரிசியை விடுதிச் சமையலறையில் கொடுத்துவிடலாம்.

ஷட்டர், ஐஎஸ்ஓ எல்லாம் எவ்வளவு வைக்க வேண்டும்?

முதலில் நான் கெடுத்த கதையைச் சொல்கிறேன். டிசம்பர் காலை, புல் நுனியெல்லாம் உறைபனி. ஒரு மயில் பனிமூட்டத்தில் அசையாமல் நின்றது, ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனைக் குறைக்கலாமே என்று ஷட்டர் வேகத்தை 125க்கு, அதாவது விநாடியில் 125இல் ஒரு பங்குக்கு, இறக்கி எடுத்தேன். எடுத்து முடிக்கும்போது இடது பக்கம் ஒரு நரி. தலையை ஒருபக்கம் சாய்த்து, ஒரு முன்காலைத் தூக்கியபடி அப்படியே நின்றது. இரண்டு காதும் முன்னால் மடங்கி ஒரே புள்ளியைக் கேட்டுக்கொண்டிருந்தன. மூச்சு ஆவியாக வருவது வரைக்கும் தெரிந்தது. அப்புறம் நாலு காலும் தரையை விட்டு எழும்ப, வில் மாதிரி வளைந்து, மூக்கு முன்னால் போய்ப் புல்லுக்குள் குத்தியது. வெளியே வரும்போது வாயில் எலி. பதினான்கு படம் எடுத்தேன். பதினான்கிலும் பழுப்பு நிறத்தில் ஒரு இழுவல். ஷட்டர் அதே 125.

ஆகவே: நரி நடந்தால் 500, ஓட்டநடைக்கு 1000, பாய்கிற மாதிரித் தெரிந்தால் 2000. ஐஎஸ்ஓவைத் தானாக மாறும்படி விட்டு உச்சவரம்பை 6400இல் வையுங்கள். புள்ளி புள்ளியாக வருவதைக் கணினியில் சரிசெய்துவிடலாம், இழுவலை எந்த மென்பொருளும் திருத்தாது. அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் துவாரத்தை, முழுக்கத் திறந்தே வையுங்கள். பனிமூட்டத்தில் கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும், வெளிச்ச அளவை முக்கால் ஸ்டாப் கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரு மடங்கு). சூரியன் நரிக்குப் பின்னால் இருந்தால் ஒரு ஸ்டாப் குறைத்துப் பாருங்கள், ரோமத்தின் விளிம்பு மட்டும் தீப்பிடித்த மாதிரி எரியும். ஒவ்வொரு படமும் முடிந்ததும் ஷட்டரை மறுபடி 1000க்குக் கொண்டுவந்துவிடுங்கள். இதை ஒரு காகிதத்தில் எழுதிக் கேமராவில் ஒட்டிக்கொண்டேன், வெட்கமில்லை.

ஃபோகஸ் எப்போதும் புல்லில் போய் உட்காருகிறது.

காய்ந்த புல்லும் நரியும் ஒரே நிறம், முன்னால் ஆடுகிற புல்லை கேமரா பிடித்துக்கொள்ளும். விலங்கின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதியுள்ள புதிய கேமரா என்றால் அதை விலங்கு என்பதில் வையுங்கள், கேமராவுக்கு நரி என்றால் நாய்தான், நன்றாகவே பிடிக்கும். பழைய கேமராவில் நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக் கண்ணின்மேல் வையுங்கள். முகத்துக்கு முன்னால் நாலு புல் குறுக்கே போனால் என்ன செய்தாலும் சரியாக வராது. அது தலையைத் தூக்கும் வரை காத்திருங்கள், தூக்கும்.

எல்லாப் படமும் மாடியிலிருந்து எடுத்த மாதிரி இருக்கிறதே?

இதற்குக் கணக்கு எளிது. ஜிப்சியில் உட்கார்ந்தால் உங்கள் கண் சுமார் இரண்டு மீட்டர் உயரத்தில். நரியின் தோள் அரை மீட்டர்கூட இல்லை. எட்டு மீட்டரில் நரி நின்றால் பதினோரு டிகிரி கீழ்நோக்கிப் பார்க்கிறீர்கள், பின்னணியில் வெறும் தரை. அதே நரி நாற்பது மீட்டரில் நின்றால் இரண்டு டிகிரிதான், பின்னணியில் தூரத்து மரங்கள் பச்சையாகக் கரைந்து நிற்கும். அதனால் கிட்டே போ, கிட்டே போ என்று டிரைவரை விரட்ட வேண்டாம். தள்ளி நின்றால் படமும் நன்றாக வரும், நரியும் தன் வேலையைப் பார்க்கும். சாலை சில இடங்களில் புல்வெளியைவிடத் தாழ்ந்திருக்கும், அந்த இடங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைவிட்டு இறங்க மட்டும் கூடாது. ஒரு காலைத் தரையில் வைத்தாலும் வழிகாட்டியின் வேலைக்கு ஆபத்து.

ஒன்பது மணிக்கு மேல் தூரமும் உதவாது. தரை சூடேறி காற்று நெளியும், நீண்ட லென்ஸில் எல்லாம் தண்ணீருக்கடியில் எடுத்தது போல் இருக்கும்.

ஊளையிடுவதை எடுக்க முடியுமா?

கஷ்டம். அந்தி சாய்ந்து இருட்டும்போதுதான் அதிகம் ஊளையிடும், அதற்குள் உங்களை வாசலுக்கு விரட்டிவிடுவார்கள். விடியலில் எப்போதாவது வாய்க்கும். ஒன்று தொடங்கினால் மற்றது சேர்ந்துகொள்ளும், குரல் கேட்டதும் திசையைத் தேடாமல் கண்ணெதிரே இருக்கிற நரியைப் பாருங்கள், பெரும்பாலும் அதுவும் மூக்கைத் தூக்கிப் பதில் கொடுக்கும். ஒலிப்பெருக்கியில் ஊளையை ஒலிக்கவிட்டு வரவழைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. காட்டுக்குள் சட்டப்படியும் தவறு. நரியைப் பொறுத்தவரை அது எல்லைக்குள் வந்த எதிரியின் குரல். பிழைப்பை விட்டுவிட்டுத் தகராறுக்கு ஓடிவருகிற விலங்கைத்தான் நீங்கள் எடுப்பீர்கள்.

குட்டிகளை வளை பக்கத்தில் எடுக்கலாமா?

சாலையோரமாகவே வளை இருந்து, வண்டிகளுக்குப் பழகிய ஜோடி என்றால் தூரத்திலிருந்து ஐந்து நிமிடம் எடுக்கலாம். போன வருஷத்துக் குட்டிகளில் ஒன்றிரண்டு கூடவே தங்கித் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும், அந்தக் குடும்பக் காட்சி அருமையாக இருக்கும். ஆனால் தாய் வாயில் உணவை வைத்துக்கொண்டு வளைக்குப் போகாமல் தள்ளியே நின்றால், நீங்கள்தான் காரணம். கிளம்பிவிடுங்கள். வளை இருக்கிற இடத்தைப் படத்தோடு எழுதாதீர்கள்.

மான்குட்டியை நரி தின்கிற படம் கிடைத்தது. வெளியிடலாமா?

தாராளமாக. நானும் வெளியிட்டிருக்கிறேன், ‘பாவம்’ என்று நாற்பது பேர் எழுதினார்கள், ‘ஏன் காப்பாற்றவில்லை’ என்று இருவர். புள்ளிமான் குட்டியை நரி ஜோடியாகச் சேர்ந்துதான் பெரும்பாலும் பிடிக்கும்: ஒன்று தாய்க்குப் போக்குக் காட்டும், இன்னொன்று குட்டியிடம் போகும். குடலை மட்டும் நெருக்கமாக எடுக்காமல் இரண்டு நரியும் தாய்மானும் தெரிகிற மாதிரி அகலமாக எடுங்கள், நடந்தது என்ன என்று பார்ப்பவருக்குப் புரியும்.

நரிக்கொம்பு இருக்கிற நரியை எடுத்திருக்கிறீர்களா?

கல்யாண வீட்டில்கூட இந்தக் கேள்வி வரும். நரிக்குக் கொம்பு கிடையாது. அதிர்ஷ்டம் என்று விற்பது எலும்பும் தோலும் மயிரும் சேர்த்துச் செய்தது, அதற்காக நரியைக் கொல்கிறார்கள், வாங்குவதும் விற்பதும் குற்றம். காலையில் நரி முகத்தில் முழித்தால் நல்லது என்று நம் ஊரில் சொல்வதை வேண்டுமானால் வைத்துக்கொள்வோம், நான் காசு கொடுத்துப் போய் முழிக்கிறேன்.

மொபைலில் எடுக்கலாமா?

நரி ஒரு புள்ளியாகத் தெரியும். தவிர, பல புலிக்காப்பகங்களில் கைப்பேசியை உள்ளே எடுக்கவிடுவதில்லை.

குளிர், தூசி, கேமரா பாதுகாப்பு?

தூசிக்காக உள்ளே லென்ஸ் மாற்றவே வேண்டாம், ஒரே லென்ஸோடு போங்கள். தலையணை உறை ஒன்று எடுத்துப் போய் ஓடும்போது கேமராமேல் போட்டுக்கொள்ளலாம். திறந்த ஜிப்சியில் ஜனவரி விடியல் குளிர் நம்மூர்க்காரர்களுக்குப் பழக்கமில்லாதது, கையுறை இல்லாமல் ஷட்டரை அழுத்த விரலே வராது. விடுதியில் கம்பளி கேளுங்கள், தருவார்கள். திரும்பி வந்ததும் குளிர்ந்த கேமராவைச் சூடான அறையில் உடனே வெளியே எடுக்காதீர்கள், கண்ணாடியெல்லாம் வியர்க்கும். பையை மூடியபடியே ஒரு மணி நேரம் வைத்துவிட்டுக் காலைச் சாப்பாட்டுக்குப் போங்கள். அந்த நேரத்தில் படங்களைப் பார்க்காமல் இருக்க முடியாது என்றால், இறங்கும் முன் வண்டியிலேயே மெமரி கார்டை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.